சாந்தி பத்தின் நாய்கள்

டில்லிக்கு வந்துபோகும் நம் ஊர்க்காரர்களுக்குச் சாணக்யபுரி என்றால் கௌடில்ய மார்கில் இருக்கும் தமிழ்நாடு இல்லம். விசாவுக்கு வருகிறவர்களுக்குத் தூதரக வாசலில் கால்கடுக்க நிற்கும் வரிசை. அங்கேயே வளர்ந்த என்னிடம் கேட்டால் முதலில் நாய்களைத்தான் சொல்வேன். அகலமான சாலைகள், ஆள் தலையே தெரியாத நடைபாதைகள், எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் அதன் சுற்றுச்சுவர் நிழலில் படுத்திருக்கும் இரண்டு மூன்று நாய்கள். அந்த நாய்களின் வழியாகத்தான் நான் சில பெரிய மனுஷிகளைத் தெரிந்துகொண்டேன்.

விநய் மார்க் பக்கம் மத்திய அரசு ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸ் உண்டு. எங்கள் வீடு அங்கே இருந்தது. பள்ளிக்கு மோதிபாக் தமிழ்ப் பள்ளி, ஞாயிறு மாலை ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். 1973-ல் அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் ஆனபோது டில்லித் தமிழர் பாதிப்பேர் அந்தக் குன்றில் ஏறி நின்றதாக அப்பா சொல்வார். மற்ற மாலைகளில் நேரு பார்க். எண்பது ஏக்கர் புல்வெளியும் பாறைகளும். அந்தப் பூங்காவில் எங்களுக்குத் தெரியாத நாய் இல்லை.

எங்கள் பேட்டைக்கு வயது அதிகமில்லை. 1950களின் தொடக்கம் வரை அது பாறையும் முட்புதரும் நிறைந்த காடு. சுதந்திர இந்தியாவுக்கு உலக நாடுகள் தூதர்களை அனுப்பத் தொடங்கியதும் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. யுனெஸ்கோ மாநாட்டுக்காக 1956-ல் அசோகா ஹோட்டல் எழுந்தது. எட்வர்ட் டுரெல் ஸ்டோன் வடிவமைத்த அமெரிக்கத் தூதரகம் 1959-ல் சாந்தி பத் சாலையில் திறந்தது. ஆங்கிலேயர் தலைநகர் கட்டியபோது நிலத்தை இழந்த மால்சா கிராமத்தின் பெயர் ஒரு சாலைக்கும் ஒரு சின்ன மார்க்கெட்டுக்கும் மட்டும் மிஞ்சியது. ஊரார் போனார்கள். நாய்கள் போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கட்டட வேலைக்கு வந்த கூலிக்காரர்களின் அடுப்போரம் புதிய நாய்களும் வந்து சேர்ந்திருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. மூன்று வருஷம், நான்கு வருஷம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போகும் அதிகாரிகள் விட்டுச்செல்லும் நாய்கள். பஞ்சசீல் மார்கில் ஒரு பங்களா வாசலில் அப்படி ஒரு அல்சேஷன் நின்றதை நான் பார்த்தேன். வீடு காலி. லாரி வந்து சாமான்களை ஏற்றிப் போய்விட்டது. அது மட்டும் இரும்பு கேட்டின் முன்னால் வந்து வந்து நின்றது. சௌக்கிதார் தன் ரொட்டியில் பாதியைப் போடுவார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கேட்டைப் பார்க்கும். தெருநாய்க்குத் தெருவில் வாழத் தெரியும். எங்கே தண்ணீர், எந்த வீட்டில் எப்போது சோறு, எந்தக் கார் நிற்காது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். வீட்டில் வளர்ந்ததற்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் கமிட்டி வண்டி வந்து போன பிறகு அந்த அல்சேஷனைக் காணவில்லை.

அன்றைக்கு நகராட்சியை டில்லியில் எல்லோரும் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். நாய் பிடிக்கும் கமிட்டி வண்டி வருகிறதென்று தெரிந்தால் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நாய்களை மாடிப்படியின் கீழே துரத்தி ஒளித்து வைப்போம். எல்லாப் பெரியவர்களும் எங்கள் பக்கம் இல்லை. அதில் நியாயமும் இருந்தது. கடிபட்ட பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் அது. அடுத்த பிளாக் பையன் ஒருவன் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததையும், ராத்திரியில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுததையும் நான் மறக்கவில்லை. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் கண்டுபிடித்த அந்தப் பழைய மருந்தை நாம் 2004 முடிவில்தான் கைவிட்டோம். நாயை நேசிக்கிறவர்கள் இந்தப் பயத்தைச் சின்னதாக்கிப் பேசக்கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டவரைக் காப்பாற்ற இன்றும் அநேகமாக வழி கிடையாது.

இதற்கு நடுவில்தான் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வருகிறார்.

கிரிஸ்டல் ரோஜர்ஸ் 1906-ல் பிறந்தவர். இந்தியாவில் தங்கிவிடும் எண்ணத்தோடு வந்தவர் அல்ல. 1959-ல் டில்லியில் இருந்தபோது சாலையோரம் குற்றுயிராகக் கிடந்த ஒரு குதிரையைப் பார்த்தார். உயிர் இருக்கும்போதே காகங்கள் அதன் கண்களைக் கொத்திக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி அவர் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டது. அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கையில் பெரும் பணம் இல்லை. ஊரும் மொழியும் புதியவை. அந்த ஆண்டே டில்லியில் ‘அனிமல்ஸ் ஃப்ரெண்ட்’ என்ற காப்பகத்தைத் தொடங்கினார். எங்கள் சாந்தி பத்தில் உலகத்தின் மிக அழகான தூதரகங்களுள் ஒன்று திறந்த அதே வருஷம், அதே நகரத்தில், அடிபட்ட நாய்க்கும் நொண்டிக் கழுதைக்கும் ஒரு கூரை கிடைத்தது.

என் சிறுவயதில் அவர் டில்லியில்தான் இருந்திருக்கிறார். ‘ஒரு வெள்ளைக்காரம்மா நாய்களை எடுத்துப் போய் வைத்தியம் பார்க்கிறாளாம்’ என்று குவார்ட்டர்ஸில் பேச்சு அடிபடும். பெயர் யாருக்கும் தெரியாது. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு, 2000-ல், ‘மேட் டாக்ஸ் அண்ட் அன் இங்கிலிஷ்வுமன்’ என்ற தலைப்பில் புத்தகமாக வந்தபோதுதான், அந்த வெள்ளைக்காரம்மா யார், எதை விட்டுவிட்டு இங்கே தங்கினார் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது.

அவரைப் பற்றி நினைக்கும்போது என்னை மலைக்க வைப்பது அவருடைய இரக்கம் அல்ல. இரக்கம் எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் இருந்தது. அம்மா மிச்சச் சாதத்தில் தயிர் விட்டுப் பிசைந்து வாசலில் வைப்பாள். பஞ்சாபிக்கார மாமி ரொட்டியைப் பாலில் நனைத்துப் போடுவாள். அதோடு எங்கள் கடமை முடிந்தது. நாய்க்கு அடிபட்டால் ‘ஐயோ பாவம்’ என்போம். குட்டிகள் குளிரில் செத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த வருஷம் அதே நாய் மறுபடி எட்டுக் குட்டி போடும், மறுபடி ஆறு சாகும். கிரிஸ்டல் ரோஜர்ஸ் அந்த இடத்தில் நிற்காமல் அடுத்த அடி வைத்தார். தினமும் காலையில் எழுந்து புண்ணைக் கழுவுவதற்கு ஓர் இடம், ஆள், மருந்து, கணக்கு என்று ஏற்பாடு செய்தார். அவர் முன்னால் நின்றார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

அதைவிடப் பெரிது அவர் கைமாற்றிக் கொடுத்த விதம். டில்லியில் தொடங்கியது வேரூன்றிய பின் அதிலேயே உட்கார்ந்துகொண்டு தலைவியாக முதுமையைக் கழித்திருக்கலாம். அவர் ஜெய்ப்பூருக்குப் போனார். 1980-ல், எழுபது வயது கடந்த நிலையில், அங்கே ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுவும் நிலைத்த பிறகு தெற்கே வந்து 1991-ல் பெங்களூரில் ‘கம்பாஷன் அன்லிமிடெட் ப்ளஸ் ஆக்‌ஷன்’ என்ற அமைப்பு உருவாகக் காரணமானார். பெங்களூரில் நாய்க்கு ஏதாவது என்றால் இன்றும் ‘க்யூபாவைக் கூப்பிடு’ என்கிறார்களே, அந்த க்யூபா இதுதான். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. 1996-ல் அந்த நகரத்திலேயே இறந்தார். மூன்று நகரங்கள், மூன்று தொடக்கங்கள். மூன்றிலும் வேலையை அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார். தொண்டு அமைப்புகளில் தொடங்கியவரே கடைசிவரை எல்லாமுமாக இருந்து, அவரோடு அதுவும் மறைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெய்ப்பூரில் அப்படி ஆகவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்டீன் டவுன்எண்ட் பொறுப்பேற்று, 1994 முதல் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடும் திட்டத்தை நடத்தினார். அந்த வேலை நடந்த பகுதிகளில் மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது காலப்போக்கில் இல்லாமலே போனதை அங்கே பணியாற்றிய கால்நடை மருத்துவர்கள் ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். அது நாய்களுக்கு மட்டும் கிடைத்த பலன் அல்ல.

சாணக்யபுரியைப் பற்றிப் பேசும்போது சென்னையைப் பேசாமல் இருக்க முடியாது. கிரிஸ்டல் ரோஜர்ஸ் டில்லியில் குதிரையைக் கண்ட காலத்தில், எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்து நாடாளுமன்றத்தில், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய அதே ருக்மிணி தேவி. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்; அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த உறுதி 1960-ல் சட்டமானது. அதன்படி 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. டில்லித் தெருநாயைக் காப்பாற்றும் சட்டத்துக்குத் திருவான்மியூரில் வேர் இருப்பதை எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

தெருநாய்களைக் கட்டுப்படுத்தும் வழிமுறையும் சென்னையிலிருந்துதான் வந்தது. விமானி கேப்டன் சுந்தரமும், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளுள் ஒருவரான அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-ல் சென்னைத் தியாகராய நகர் வீட்டில் தொடங்கியது ப்ளூ கிராஸ். அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணா 1964-லேயே, கொல்லாதீர்கள், கருத்தடை செய்து அதே தெருவில் விடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார். சென்னை மாநகராட்சி 1860 முதல் நாய்களைக் கொன்றுவந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய்கூட இல்லை. 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 வரை போனது என்பது ப்ளூ கிராஸ் காட்டும் கணக்கு. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரு தெருவின் நாயை அகற்றினால் அந்த எச்சில் இலைக்கும் குப்பைத் தொட்டிக்கும் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். மாநகராட்சி கருத்தடை வழியை ஏற்றுக்கொள்ள 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. 2001-ல் அது நாடு முழுமைக்குமான விதியானது.

எங்கள் பேட்டைக்கே திரும்புகிறேன். சான் மார்ட்டின் மார்கில் ஜீசஸ் அண்ட் மேரி கல்லூரி இருக்கிறது. 1968-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் பலருக்கு அங்கே இடம் கிடைப்பதுதான் பிளஸ் டூ கனவு. அங்கே ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர்களுள் ஒருவர் கீதா சேஷமணி. அவருடைய இன்னொரு வேலை டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்துக்கு அடியில் நடந்தது. 1979-ல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ‘ஃப்ரெண்டிகோஸ்’ காப்பகம் அங்கேதான். கீதா சேஷமணி நீண்ட காலம் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்து அதை நடத்தினார்.

மேம்பாலத்தின் அடியில் என்றால் நிஜமாகவே அடியில். தலைக்கு மேலே பஸ்ஸும் லாரியும் ஓடும் அதிர்வு எப்போதும் இருக்கும். கூண்டுகள், ஒரு மேஜை, ஃபினாயிலும் டிஞ்சரும் கலந்த வாசனை, கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடக்கும் நாய்கள். விநய் மார்கில் ஸ்கூட்டர் மோதி இடுப்பு ஒடிந்த ஒரு நாயை ஆட்டோவில், பழைய ரஜாயில் சுற்றி, அங்கே கொண்டுபோனது நினைவிருக்கிறது. எங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர் வரிசையில். ஒருவர் சட்டையில் ரத்தம். கோட்டு போட்ட ஓர் அதிகாரி மடியில் பூனை. பக்கத்தில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கையில் இறக்கை முறிந்த பருந்து. யாரையும் யார் என்று கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். டில்லியில் அந்தஸ்து பார்க்காமல் வரிசையில் விட்ட இடம் என் இளமையில் அது ஒன்றுதான்.

கல்லூரி வேலை, பரீட்சைத் தாள், துறைக் கூட்டம், இதற்கெல்லாம் பிறகு பாலத்தடிக்கு. வருஷக்கணக்கில் இப்படி ஒருவர் இருக்க முடியும் என்பதே எங்கள் தலைமுறைப் பெண்களுக்குப் பாடம். சேவை செய்ய வேலையை விட வேண்டும், வீட்டைத் துறக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். 1995-ல் கார்த்திக் சத்யநாராயணனோடு சேர்ந்து கீதா சேஷமணி ‘வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.’ தொடங்கினார். மூக்கில் கயிறு மாட்டித் தெருத்தெருவாக ஆடவைத்த கரடிகளை அது மீட்டது. ஆக்ராவில் அவற்றுக்குக் காப்பிடம் அமைத்ததோடு, கரடியை ஆட்டிப் பிழைத்த கலந்தர் சமூகத்தாருக்கு மாற்றுத் தொழிலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழி செய்தார்கள். 2009 இறுதியில் கடைசி ஆட்டக் கரடியும் விடுதலை ஆனது. அறுநூறுக்கு மேற்பட்ட கரடிகள். சிறுவயதில் கரடிக்காரனைப் பார்த்துக் கைதட்டிய தலைமுறை நாங்கள். எங்கள் பிள்ளைகள் அந்தக் காட்சியையே பார்க்காமல் வளர்ந்தார்கள்.

இத்தனைக்கும் காப்பகத்தில் பணம் எப்போதும் பற்றாக்குறைதான். 2015-ல் ஃப்ரெண்டிகோஸை மூடவேண்டிய நிலை என்று செய்தி வந்ததும் டில்லிக்காரர்கள் பணம் அனுப்பிக் காப்பாற்றினார்கள். கஷ்டம் செய்தியானால் கொடுக்கிறோம். ஆனால் நாய்க்குத் தினமும் சோறு வேண்டும், மருத்துவருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். தலைவர்கள் தேய்ந்துபோவது இந்த இடைவெளியில்தான்.

எங்கள் பேட்டையின் நாய்க் கதைகளில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலைக்காட்டுக்குள் மால்சா மகால் என்ற பழைய வேட்டை மாளிகை. 1985 முதல், தன்னை அவத் அரச வம்சம் என்று சொல்லிக்கொண்ட பேகம் விலாயத் மகால் மகன், மகளோடு அங்கே வசித்தார். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. காவலுக்கு வேட்டை நாய்கள். அத்துமீறுகிறவர்களை எச்சரிக்கும் பலகையைப் பார்த்து நாங்கள் தூரத்திலேயே திரும்பிவிடுவோம். அந்த வம்சக் கதை உண்மையல்ல என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது. மனிதர்களை வரவிடாமல் வாழ்ந்த அந்தக் குடும்பமும் நாய்களை மட்டும் உடன் வைத்துக்கொண்டது என்பது இன்றும் என் மனத்தைப் பிசைகிறது.

2025 ஆகஸ்ட் 11 அன்று, டில்லித் தெருநாய்கள் அத்தனையையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாள் கழித்து, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறி பிடித்தவையும் கடிக்கும் குணமுள்ளவையும் மட்டும் உள்ளே இருக்கட்டும், சோறு போட இடம் குறியுங்கள். நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லி இன்னோர் உத்தரவு. ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடிபட்ட குழந்தையின் படத்தை ஒரு பக்கம் காட்டினார்கள், கூண்டில் நெருக்கி அடைத்த நாயின் படத்தை மறுபக்கம் காட்டினார்கள்.

நான் இரண்டு படத்தையும் பார்த்து வளர்ந்தவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத பையனும் உண்மை. கேட் முன்னால் நின்ற அல்சேஷனும் உண்மை. அந்த இரண்டு துயரமும் ஒரே காரணத்தால், நாய்களுக்கு யாரும் பொறுப்பேற்காததால், வருகின்றன என்பதைத்தான் கிரிஸ்டல் ரோஜர்ஸும், ஜெய்ப்பூரில் அவர் வழி வந்தவர்களும், சென்னை ப்ளூ கிராஸும், பாலத்தடி ஆங்கிலப் பேராசிரியரும் செய்து காட்டினார்கள். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. செய்கிற ஆள் வேண்டும். செய்கிறவரைத் தாங்குகிற ஊர் வேண்டும்.

சாணக்யபுரியில் இன்று குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிளாக் நாயின் காதைப் பாருங்கள். நுனியில் வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகியிருக்கிறது. இல்லையென்றால் நகராட்சிக்கோ காப்பகத்துக்கோ சொல்லி அனுப்புங்கள். வருஷம் ஒருமுறை தடுப்பூசி போட்டதா என்று கேட்டு வையுங்கள். காப்பகத்துக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். மாற்றலாகிப் போகும்போது வளர்த்த நாயைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.